அடித்தவளே தைத்தவள்

அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் கையில் கிட்னி டிரே இருந்தது. ஊசியும் பஞ்சும் வைக்கிற, அவரை விதை வடிவத்து எவர்சில்வர் தட்டு. அதன் விளிம்பில் ரத்தம். அந்த ரத்தத்துக்கு உரியவன் அதற்கு ஒரு நொடி முன்புவரை என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

ஈ.சி.ஆர். ஓரத்தில் இருந்த அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் நான் டூட்டி டாக்டராகச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கால் உடைந்த நண்பனைத் தூக்கிக்கொண்டு போதையில் வந்தவன், எக்ஸ்ரே எடுக்க நேரமாகிறது என்று என் முடியில் கை வைத்துவிட்டான். அங்கே எனக்கு சீனியர் டாக்டரான அக்கா பின்பக்கமிருந்து வந்தாள். டிரேயை ஓங்கி அவன் நெற்றியில் இறக்கினாள். அவன் தரையில் உட்கார்ந்தான். அவளும் எதிரே குந்தி, அவன் மோவாயை நிமிர்த்தி, கிழிந்த இடத்தை விரலால் விலக்கிப் பார்த்தாள்.

"தையல் போடணும். மேல ஏறிப் படு."

அவ்வளவு நேரம் ஆஸ்பத்திரியையே கொளுத்திவிடுவதாகச் சொன்னவன் வாயை மூடிக்கொண்டு ஏறிப் படுத்தான். மரத்துப்போக ஊசி போட்டு, தழும்பு தெரியாத அளவுக்குப் பொடித் தையலாகப் போட்டாள்.

"வலிக்குதா?"

"இல்லீங்க டாக்டர்."

"அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேளு."

கேட்டான். அக்கா கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அடிச்சாச்சி, தைச்சாச்சி. கணக்கு முடிஞ்சிது. நீ போய் டீ குடி."

அவளைக் கோபக்காரி என்று சொன்னால் பொய்யாகிவிடும். கோபக்காரர்கள் கத்துவார்கள், பல்லைக் கடிப்பார்கள், பிறகு அழுவார்கள். அக்காவுக்குக் கை முந்திக்கொள்ளும், அவ்வளவுதான். மூளைக்குச் சேதி போய்ச் சேருவதற்குள் கை வேலையை முடித்துவிட்டு வந்து நிற்கும். காலாப்பட்டு பஸ்ஸில் இடுப்பில் கை வைத்தவனின் விரலை ஒருமுறை மடக்கிவிட்டாள். ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த நிறுத்தத்தில் அவனையும் கையோடு இறக்கி, பெட்டிக்கடையில் ஐஸ் குச்சி வாங்கி விரலுக்கு அண்டை கொடுத்துக் கைக்குட்டையால் கட்டி, எலும்பு டாக்டர் எங்கே எத்தனை மணிக்கு இருப்பார் என்பதையும் சொல்லி அனுப்பினாள். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். சிரிக்க வேண்டாம், சத்தியமாகச் சொன்னான்.

நாக்கும் அப்படித்தான். எங்கள் ஊர்ச் சின்ன நர்சிங் ஹோம்களில் ஒரு பழக்கம் உண்டு. உயிர் போன பிறகு கொண்டுவரப்படுகிறவர்களை, போய்விட்டார் என்று யாரும் உடனே சொல்ல மாட்டார்கள். கட்டிலில் போட்டு, கொஞ்ச நேரம் நெஞ்சை அமுக்கி, முகமூடி வழியாகக் காற்றை அடித்து, ஒரு குளுக்கோஸையும் ஏற்றிவிட்டு, "சீரியஸா இருக்காரு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிடுங்க" என்பார்கள். சாவு வேறொருவர் கணக்கில் எழுதப்படும். அடி விழாது, கண்ணாடி உடையாது. எங்கள் முதலாளி டாக்டர் இதைப் புதிதாக வருகிற எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார். அக்கா மட்டும் செய்ய மாட்டாள். நாடி பார்ப்பாள், கண்ணில் டார்ச் அடிப்பாள், ஒரே நேர்க்கோடாக வந்த ஈ.சி.ஜி. தாளைக் கிழித்துக் கையில் கொடுப்பாள்.

"இங்க வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாருங்க. பொணத்த வெச்சி என்னால நாடகம் ஆட முடியாது."

வினோதம் என்னவென்றால், அவளிடம் யாரும் சண்டைக்கு வந்ததில்லை. அழுதுவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இப்படிப்பட்டவள் அமெரிக்காவில் ரெசிடென்சி என்கிற மேற்படிப்புப் பயிற்சி இடத்துக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். நானும்தான். பாண்டிச்சேரியில் பிறந்து, பாண்டிச்சேரியிலேயே எம்.பி.பி.எஸ். முடித்த நாங்கள் இரண்டு பேரும் அவர்கள் கணக்கில் வெளிநாட்டில் படித்தவர்கள். முடித்து வருடம் ஏற ஏற மதிப்பு இறங்கும். நான் சொல்லப்போகிற வருடம் அக்காவுக்கு மூன்றாவது தடவை. அதற்கு மேல் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். சேதராப்பட்டு பக்கம் நிலத்தை விற்றுப் படிக்கவைத்த அப்பாவிடம் இரண்டு தடவை 'இல்லை' என்று சொல்லியாயிற்று.

லாஸ்பேட்டையில் ஒரு சொல்தா வீட்டு மாடியில் குடியிருந்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள்; அப்படி ஒரு பெரியவர் கீழே இருந்தார். மாடியில் ஏதாவது உடைகிற சத்தம் கேட்டால் படியடியில் நின்று, "என்னம்மா, அமெரிக்காக்காரன் இன்னிக்கும் பதில் போடலியா?" என்பார். முதல் வருடம் இடம் கிடைக்கவில்லை என்று மெயில் வந்தபோது குக்கர் மூடி ஜன்னல் கண்ணாடியைத் தாண்டிப் போய் அவருடைய செம்பருத்திச் செடியில் விழுந்தது. இரண்டாம் வருடம் நான் கூடவே இருந்தேன். மெயிலைப் படித்துவிட்டுச் சுவரைக் குத்தினாள். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது, அவள் விரல் முட்டியில் எலும்பு விரிசல் விட்டது. மாவுக்கட்டோடு மறுநாள் காலையில் டூட்டிக்கு வந்துவிட்டாள்.

சிபாரிசுக் கடிதம் கேட்டுப் பேராசிரியரிடம் போனாள். எல்லாப் பேராசிரியர்களும் சொல்வதையே அவரும் சொன்னார்: "நீயே எழுதி எடுத்துட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போடறேன்." அக்கா உட்கார்ந்து எழுதினாள். தையல் நன்றாகப் போடுவாள், பொய் சொல்ல மாட்டாள், சில சமயம் அடித்துவிடுவாள் என்று மூன்று வரி. உண்மையாகவே அப்படித்தான் எழுதியிருந்தாள். நான் அதைப் பிடுங்கி, இத்தனை வருட அனுபவத்தில் இவளைப்போல் நிதானமான மருத்துவரை நான் கண்டதில்லை என்று பேராசிரியரின் குரலில் ஒரு பக்கம் எழுதினேன். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் பெரியவர் மேலே வந்து, யாருக்காவது இடம் கிடைத்துவிட்டதா என்று விசாரித்தார்.

எத்தனையோ இடத்துக்கு அனுப்பியதில் அந்த வருடம் ஒரே ஓர் இடத்திலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். வீடியோவில்தான். அவர்களுக்குக் காலை, நமக்கு மாலை ஏழு மணி.

அன்று காலையில் அக்கா தலைக்குக் குளித்து, மாலையில் போடப்போகும் கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாள். லீவு போடச் சொன்னதற்கு, வீட்டில் சும்மா இருந்தால் எதையாவது உடைப்பேன் என்றாள். வண்டியை எடுக்கும்போது கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இன்னிக்கு இது என்னுது இல்லடி. எவன் என்னா பண்ணாலும் சரி. ஒரு போலீஸ் கேசு வந்தா விசாவே போச்சி. இன்னிக்கு ஒரு நாளு நான் நல்ல பொண்ணு."

நான் மதிய ஷிப்டுக்கு உள்ளே நுழைந்தபோது கேஷுவாலிட்டியில் வயதான ஒருவரைக் கட்டிலில் போட்டிருந்தார்கள். அவருடைய இரண்டு பிள்ளைகளும் நாலைந்து உறவுக்காரர்களும் சுற்றி நின்றார்கள். அக்கா கட்டிலின் மேல் ஏறி அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாள். குமுதா சிஸ்டர் காற்று அடித்துக்கொண்டிருந்தார். படுத்திருந்தவரின் கால் விரல்கள் மெழுகு நிறத்தில் விறைத்து நிற்பது வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஒரு வம்பும் வேண்டாம் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக முதலாளி சொன்னபடி செய்துகொண்டிருந்தாள்.

குமுதா சிஸ்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலாப்பட்டு பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து வருகிறவர். பிறந்த குழந்தையின் கையில்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவார். ஊசி போட நாங்கள் திணறும்போது, "தள்ளுங்க டாக்டரம்மா" என்று வலது கையை நீட்டுவார். அந்தக் கையை நம்பித்தான் அந்த நர்சிங் ஹோமே நடந்தது.

"மூச்சு இருக்குதா டாக்டர்?" என்று மூத்த மகன் கேட்டான்.

அக்கா கட்டிலை விட்டு இறங்கினாள். "சீரியஸா இருக்காரு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க."

அந்த வாய் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும். மகன்கள் முகத்தில் உயிர் வந்தது. இளையவன் அப்பாவின் காதில், "ஒண்ணும் இல்லப்பா, போயிடலாம்" என்றான். ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து தூக்கக் கை கொடுத்தார். தூக்கியதும் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"என்னாய்யா இது, ஒடம்பு வெறச்சிக் கெடக்குது. போயி எவ்ளோ நேரம் ஆச்சோ. இத எங்க எடுத்துக்கினு போறது?"

மூத்தவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "செத்த பொணத்த வெச்சிக்கினா எங்கள ஏமாத்துன?"

அவன் கன்னத்தில் விட்ட முதல் அறையில் அக்கா குளுக்கோஸ் ஸ்டாண்டின் மேல் போய் விழுந்தாள். புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. எழுந்தாள். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையையும் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டாள். அவன் மறுபடி அடித்தான், உதடு பிளந்தது. கை வெளியே வரவில்லை. நான் போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டே அவளை நோக்கிப் போனேன், யாரோ என்னைப் பிடித்து ட்ராலி மேல் தள்ளினார்கள். மருந்து பாட்டில்கள் உருண்டன. இளையவன் ஸ்டாண்டைப் பிடுங்கி மருந்து அலமாரிக் கண்ணாடியில் வீசினான். குமுதா சிஸ்டர் அக்காவுக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றார்.

"டாக்டரம்மாவ உடுங்கப்பா. பொம்பளப் புள்ள மேல கை வெக்காதீங்க."

இளையவன் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, உடைந்த அலமாரிக்குள் தள்ளினான். கண்ணாடி முனையில் உள்ளங்கை சிக்கியது. அவன் விடவில்லை, மறுபடி இழுத்தான். சிஸ்டர் போட்ட அலறல் ரோடு வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

அக்கா ஒரு கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நின்றாள். கோட்டுப் பைக்குள் இரண்டு முஷ்டிகளும் துணியை முட்டிக்கொண்டு அசைந்தன. பையின் தையல் விட்டுப்போகும் என்று நினைத்தேன். விடவில்லை. ரத்தத்தைப் பார்த்துப் பயந்து இளையவன் தானாகக் கையை விட்ட பிறகுதான் அவள் கை வெளியே வந்தது. பஞ்சுக் கட்டை வைத்து அழுத்தி, சிஸ்டரின் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். வெட்டு ஆழமாக இருந்தது. விரலை மடக்குகிற நார்கள் வெள்ளையாக அறுந்து தெரிந்தன. அது அவள் தைக்கக்கூடிய காயம் இல்லை.

சிஸ்டரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு எடுத்துக்கொண்டார்கள். அக்காவின் புருவத்துக்கு நான் தையல் போட்டேன். வலிக்கிறதா என்று கேட்டேன். மணி என்ன என்று கேட்டாள். ஏழு மணிக்கு லாஸ்பேட்டை மாடியில் கறுப்புக் கோட்டுப் போட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்காக அவளைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல்தான் எரிச்சல் வரும். மூன்று வருடம் தவம் கிடந்து பார்க்கட்டும்.

நான் கட்டிலில், காமிராவில் விழாத இடத்தில் இருந்தேன். அந்தப் பக்கம் இரண்டு பேர். நரைத்த தலை அம்மாள் ஒருத்தி கடிதத்தைப் பார்த்துக் கேட்டாள்: உங்களைப்போல நிதானமானவரைக் கண்டதில்லை என்று உங்கள் பேராசிரியர் எழுதியிருக்கிறாரே, ஓர் உதாரணம் சொல்ல முடியுமா? கூடவே, முகத்தில் என்ன காயம் என்றும் கேட்டாள்.

அக்கா சொன்னாள். இன்று மதியம் ஒரு நோயாளியின் மகன் என்னை அடித்தான், அவன் துக்கத்தில் இருந்தான், நான் என் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நல்ல ஆங்கிலத்தில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அருமை என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

வேறு யாருக்காவது அடிபட்டதா?

அக்கா திரையைப் பார்த்தாள். "நோ" என்றாள்.

கூடவே புன்னகையும் செய்தாள். உதட்டுப் பிளவிலிருந்து புதிதாக ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

மார்ச் மாதம் மெயில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. அக்கா குதிக்கவில்லை, கத்தவில்லை. அப்பாவுக்குப் போன் செய்து ஒரே வரியில் சொன்னாள். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வரவில்லை. அந்த நேர்காணல் நாளிலிருந்து எங்கள் மாடியில் எதுவும் உடையவில்லை. கீழ்வீட்டுப் பெரியவருக்கே அது விசித்திரமாக இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. கடைத்தெருவில் ஒருத்தன் அவள் காலில் வண்டியை ஏற்றிவிட்டு அவளையே திட்டினான். அவள் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள்.

இதற்குள் செத்துப்போனவரின் மகன்கள் வந்து காலில் விழுந்தார்கள், முதலாளி சமாதானம் பேசிக் கேஸ் இல்லாமல் முடித்துவிட்டார். குமுதா சிஸ்டருக்கு மூன்று விரல்கள் மடங்கவில்லை. டோக்கன் கொடுக்கிற மேசையில் அவரை உட்காரவைத்தார்கள். இடது கையால் டோக்கன் கொடுத்தார். குழந்தை அழுகிற சத்தம் உள்ளே கேட்டால் எழுந்து நிற்பார், பிறகு உட்கார்ந்துவிடுவார். அக்கா வேலையை விட்டுவிட்டாள். சிஸ்டரைப் போய்ப் பார்க்கவில்லை. மருந்தும் பழமும் என்னிடம் கொடுத்தனுப்புவாள். சிஸ்டர் இடது கையால் வாங்கி வைத்துக்கொள்வார்.

ஜூனில் கிளம்பினாள். சென்னை ஏர்போர்ட் வரைக்கும் நான் கூடப் போனேன். காலாப்பட்டு தாண்டுவதற்கு முன் காரைக் குப்பத்துப் பக்கம் திருப்பச் சொன்னாள்.

சிஸ்டர் வாசலில் உட்கார்ந்து இடது கையால் மீன் அரிந்துகொண்டிருந்தார். அரிவாள்மணையைக் காலால் தள்ளிவிட்டு எழுந்தார். "வாங்க டாக்டரம்மா. பயணமா?"

அக்கா அவருடைய வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "மூடுங்க சிஸ்டர்."

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கின. மற்ற மூன்றும் நீட்டிக்கொண்டே நின்றன.

"எனக்கு எடம் கெடச்சதே இந்தக் கையாலதான் சிஸ்டர்," என்றாள் அக்கா. "அன்னிக்கு நான் அவன அடிக்கல. அத சொல்லித்தான் எடம் வாங்குனேன். வேற யாருக்காவது அடிபட்டுதான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்."

"இல்லன்னு சொன்னியா?"

"ஆமா."

"நான் அந்நேரம் ஆபரேஷன்ல இருந்தேன்."

"தெரியும்."

சிஸ்டர் மீன் ரத்தம் பட்ட இடது கையைப் புடவையில் துடைத்தார். நிதானமாகத்தான் துடைத்தார். பிறகு ஓங்கி அக்காவின் கன்னத்தில் அறைந்தார். அக்காவின் தலை திரும்பிப்போனது. தெருவில் வலையோடு போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அக்கா தலையை நேராக்கி, கையைத் தொங்கவிட்டபடி, அதே இடத்தில் நின்றாள்.

"இதோட கணக்கு முடிஞ்சிதுன்னு நெனச்சிக்காத," என்றார் சிஸ்டர். மூச்சு வாங்கியது. "இனிமே பக்கத்துல நிக்கறவள ஒருத்தன் அடிச்சா, கையக் கட்டிக்கினு பாத்துக்கினு நிக்காத."

"அங்க அடிச்சா லைசென்சு போயிடும் சிஸ்டர்."

"போவட்டும்."

சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்து அரிவாள்மணையை இழுத்துக்கொண்டார். "பிளேனுக்கு நேரமாச்சி. போ."

கார் மரக்காணத்தைத் தாண்டியது. அக்காவின் கன்னத்தில் விரல் தடம் சிவப்பாக எழும்பியிருந்தது, மீன் வாடையும் அடித்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். கழுவ மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"தடம் தெரியுதாடி?"

"நல்லாத் தெரியுது. அங்க எறங்கறப்ப இது என்னான்னு கேட்டாங்கன்னா என்னாக்கா சொல்லுவ?"

"குமுதா சிஸ்டர் அடிச்சாங்கன்னு சொல்லுவேன்," என்றாள். "ஏன்னு கேட்டா, அதையும் சொல்லுவேன்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, வெகுநாளைக்குப் பிறகு, முன்சீட்டின் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். டிரைவர் பயந்துபோய் பிரேக்கை மிதித்தார்.